தறி இல்லாதவர்களுக்குத் தறி

எனக்குக் கையெழுத்து அழகு. எங்கள் வீட்டுக்கு வந்த கரைச்சல் எல்லாம் அதில்தான் தொடங்கியது. ஒழுங்கையில் யாருக்காவது பிறப்புப் பதிவு எடுக்க வேண்டுமா, தண்ணீர்க் குழாய்க்கு விண்ணப்பிக்க வேண்டுமா, பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க வேண்டுமா, படிவத்தைத் தூக்கிக்கொண்டு என்னிடம்தான் வருவார்கள். நான் உயர்தரம் வரை படித்தவள். நான் நிரப்பிய படிவம் எதுவும் திரும்பி வந்ததில்லை என்று எனக்கு ஒரு பெயர் இருந்தது. அந்தப் பெயரை மற்றவர்களைவிட நான்தான் அதிகம் நம்பினேன்.

எங்கள் ஒழுங்கை காத்தான்குடியின் பெரிய வீதியில் பிரிந்து நேரே வாவியில் போய் முட்டும். வாவி என்பது எழுத்தில்தான். எங்களுக்கு அது ஆறு. அந்த ஆற்றங்கரை ஒழுங்கையில் ஏழு வீடுகளில் ஏழு தறிகள். எல்லோரும் சாறன் நெய்கிறோம், ஆண்கள் இடுப்பில் உடுத்துவது. பெரிய வீதியில் புடவைக்கடை வைத்திருக்கும் முதலாளி நூல் தருவார், சாறனை எடுத்துக்கொள்வார். கொழும்பிலிருந்து கமராவோடு வருகிறவர்கள், இந்தத் தொழில் அழிந்து போகிறதே என்று எங்களிடம் துக்கம் விசாரிப்பார்கள். அவர்கள் சொல்வது காதில் விழாத அளவுக்குத் தறிகள் சத்தம் போட்டுக்கொண்டிருக்கும். "என்ன சொன்னீங்க?" என்று நாங்கள் கத்திக் கேட்போம்.

தொழிலுக்குக் குறைவில்லை. எங்கள் வீட்டில் தறிக்குத்தான் குறை. தறி ஒன்று, நெய்கிறவர்கள் இரண்டு பேர்: நானும் என் மூத்த சகோதரி ராத்தாவும். விடியற்காலை சுபஹுத் தொழுகை முடிந்ததிலிருந்து நடுப்பகல் லுஹர் வரை அவள் இருப்பாள். லுஹரிலிருந்து பொழுதுபடும் மஃரிப் வரை நான். அரைநாள் தறியில் ஒற்றை ஆள் எப்படியாவது காலம் தள்ளலாம், பிள்ளையை வளர்க்க முடியாது. ராத்தாவுக்குப் பன்னிரண்டு வயதில் ஒரு மகள் இருக்கிறாள். மகளின் வாப்பா ஓட்டமாவடிப் பக்கம் இன்னொரு குடும்பம் வைத்துக்கொண்டு, பெருநாளைக்குப் பெருநாள் ஃபோனில் சலாம் சொல்லுகிற ஆள். அதனால் ராத்தா குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போக முடிவு செய்திருந்தாள். பாஸ்போர்ட் எடுத்தாயிற்று, மெடிக்கலும் முடிந்தது. ஏஜென்ட் வாரத்துக்கு இரண்டு தரம் ஃபோன் எடுப்பான். அவன் குரல் கேட்டால் மகள் எழுந்து குசினிக்குள் போய்விடுவாள். வீட்டில் இன்னொரு தறி இருந்தால் ராத்தா போக வேண்டியதில்லை. எங்களுக்குத் தேவைப்பட்டது அவ்வளவுதான்.

அந்த நேரத்தில்தான், கைத்தறிக் குடும்பங்களை முன்னேற்ற அரசாங்கம் தறி கொடுக்கப்போகிறது என்று கூட்டம் வைத்தார்கள். பதாகை, மைக், மாரி பிஸ்கட், ஒன்றும் குறையவில்லை. பொறுப்பான அதிகாரி மட்டக்களப்பு டவுனிலிருந்து வந்திருந்தார். நெற்றியில் திருநீறு, கையில் கோப்பு, முகத்தில் சிரிப்பு. அவர் நல்ல மனிதர். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் மிச்சக் கதையைக் கேட்டுவிட்டு யாரும் நம்பமாட்டீர்கள். எங்கள் நன்மையைத் தவிர அவர் வேறெதையும் நினைக்கவில்லை.

படிவத்தில் ஒன்பதாவது கேள்வி: தங்கள் குடும்பத்தில் தற்போது தறி உள்ளதா? அதற்குக் கீழே சின்ன எழுத்தில், தறி உள்ளவர்கள் விண்ணப்பிக்கத் தேவையில்லை என்று இருந்தது. நான் எழுந்து நின்றேன்.

"சேர், தறி இல்லாத வீட்டில நெய்யத் தெரிஞ்ச ஆள் எப்பிடி இருப்பாங்க?"

"அதுதானே தங்கச்சி, இல்லாத ஆக்களுக்குத்தானே நாம குடுக்கணும்?" என்றார். சனம் கை தட்டியது. யோசிக்காமல் நானும் தட்டிவிட்டேன்.

அன்று பின்னேரமே ஏழு வீட்டுப் படிவங்களும் என் மடிக்கு வந்தன. ஒரு வீட்டில் தறிக்காலைக் கறையான் தின்றிருந்தது. இன்னொரு வீட்டில் தாயும் மகளும் எங்களைப் போல ஆளுக்கு அரைநாள். ஏழு வீட்டிலும் உண்மையான தேவை இருந்தது, அந்தத் தேவையை எழுதத்தான் படிவத்தில் இடம் இல்லை. ஏழிலும் ஒன்பதாவது கேள்விக்கு 'இல்லை' என்று வடிவாக எழுதினேன்.

"என்னகா, பொய்யல்லவா எழுதியிரிக்காய்?" என்றாள் ராத்தா.

"ஒனக்கெண்டு ஒரு முழுத்தறி இரிக்கா?"

"இல்ல."

"எனக்கு?"

"இல்ல."

"அப்ப என்ன பொய்? போய்ச் சோத்தப் போடு."

என் மூளையை நினைத்து எனக்கே பெருமையாக இருந்தது. இரண்டு கிழமை கழித்து அந்தப் பெருமை பறந்தது. திங்கட்கிழமை வீடு வீடாக வந்து பார்ப்போம் என்று அதிகாரி வாட்ஸ்அப்பில் செய்தி போட்டிருந்தார். ஏழு தறியும் சேர்ந்து அடிக்கிற சத்தம் பெரிய வீதி வரைக்கும் கேட்கும். குருடர் வந்தாலும் எண்ணிவிட்டுப் போய்விடுவார். ஏழு வீட்டுப் பெண்களும் எங்கள் முற்றத்தில் கூடி, எழுதிய என்னையே பார்த்தார்கள். எழுதினவள்தான் வழியும் சொல்ல வேண்டும் என்று அந்தப் பார்வைக்கு அர்த்தம்.

நான் சொன்ன வழி, மச்சான் வீடு. மச்சான் என்றால் எங்கள் மாமாவின் மகன், அவருக்கு நாங்கள் மச்சி. கட்டாரில் பதினைந்து வருடம் ஒரு கம்பனிக் கன்ரீனில் வேலை செய்துவிட்டு வந்து, ஒழுங்கையின் கடைசியில் ஆற்றைப் பார்க்க ஒரு வீடு கட்டியிருந்தார். அந்த வீட்டில் ஹோல் மட்டும் ஒரு கல்யாணம் வைக்கலாம் போல இருக்கும், தளபாடமென்று சொல்ல நாலு பிளாஸ்டிக் கதிரைகள். "ரெண்டு நாளைக்கித்தானே மச்சி, கொண்டு வந்து வையுங்க" என்றார். பாவம், நல்ல மனது. நீள இழையான பாவு எது, குறுக்கே ஓடும் ஊடை எது என்று தெரியாத மனிதர்.

ஊர் ஆண்கள் கண்டால் கதை அதிகாரி காது வரை போய்விடும், அவர்கள் கண்ணில் படாமல் தறிகளைக் கொண்டுபோக வேண்டும். அதற்கு எங்கள் ஊரில் கிழமைக்கு ஒரு நேரம்தான் உண்டு, வெள்ளிக்கிழமை ஜும்ஆ. குத்பாப் பிரசங்கம் தொடங்கியதும் ஆண்கள் எல்லோரும் பள்ளிவாசலுக்குள், ஒழுங்கை முழுக்க எங்களுடையது. ஆப்புகளைக் கழற்றித் தறிச் சட்டங்களைத் தள்ளுவண்டியில் ஏற்றினோம். பாவைச் சுருட்டி, அதன் இழைகளைக் கோத்திருக்கும் விழுதும் அச்சும் குலையாமல் பாயில் கிடத்தி, இரண்டு பேராகத் தூக்கிக்கொண்டு போனோம். ஆயிரத்துச் சொச்சம் இழை. ஒன்று அறுந்தாலும் தேடிப்பிடித்து முடிய வேண்டும். ராத்தா வழியெல்லாம் பேசவில்லை. பேசினால் மூச்சில் நூல் ஆடுமாம். தொழுகை முடிந்து ஆண்கள் திரும்பியபோது ஏழு வீடும் துடைத்து வைத்தது மாதிரி இருந்தன. நாங்கள் வேர்த்து வழிந்துகொண்டு, ஒன்றும் தெரியாத முகத்தோடு சோறு போட்டோம்.

திங்கட்கிழமை அதிகாரி வரவில்லை. கூட்டம் ஒன்று வந்துவிட்டதாம், அடுத்த கிழமை வருகிறாராம். அடுத்த கிழமை வாகனத்துக்கு டீசல் இல்லை. அதற்குள் புடவைக்கடை முதலாளி, ஹஜ்ஜுப் பெருநாள் சாறன் எங்கே என்று ஆள் அனுப்பத் தொடங்கிவிட்டார். தறி இல்லாத ஏழை நெசவாளர்களாக நடித்துக்கொண்டிருந்தால் உண்மையிலேயே அப்படி ஆகிவிடுவோம் போல இருந்தது. வேறு வழியில்லாமல் மச்சானின் ஹோலிலேயே தறிகளைப் பூட்டினோம்.

உண்மையைச் சொன்னால், அந்த நாட்கள் எனக்கு மிகவும் பிடித்தன. ஆற்றுக்காற்று நேரே உள்ளே வரும். வெளிச்சம் தாராளம். ஒருத்தி நூல் அறுந்து நின்றால் மற்றவள் எழுந்து வந்து முடிந்துவிடுவாள். மச்சான் விறாந்தையில் இருந்து பேப்பர் படிப்பார். பத்து மணிக்கும் நாலு மணிக்கும் ஒரு பெரிய தட்டில் தேத்தண்ணி கொண்டு வருவார். கன்ரீன் கை அல்லவா, இஞ்சி போட்டு அப்படி ஒரு தேத்தண்ணி. ராத்தாவும் நானும் இன்னும் அதே ஒற்றைத் தறியைத்தான் மாறி மாறி மிதித்தோம். ஆனால் இன்னும் கொஞ்ச நாள்தான் என்று ராத்தா முகத்தில் ஒரு தெளிவு இருந்தது. ஏஜென்டிடம், "விசாவ அவசரப்படுத்த வேணாம்" என்றுகூடச் சொல்லிவிட்டாள்.

அதிகாரி ஒரு புதன்கிழமை சொல்லாமல் வந்தார். ஒழுங்கையில் ஏழு வீடும் பூட்டிக் கிடந்தன. முனைக்கடைக்காரரிடம் கேட்டிருக்கிறார். அந்த மனிதர் வாழ்நாளில் ஒரு பொய்கூடச் சொல்லாதவர். "எல்லாரும் அந்த ஹோலுக்குள்ள நெய்யிறாங்க சேர், சத்தம் கேக்கல்லியா?" என்று கையைக் காட்டிவிட்டார். அதிகாரி வாசலுக்கு வந்தபோது மணி சரியாகப் பத்து. ஏழு தறி, ஒவ்வொன்றிலும் ஒரு பெண், ஓரத்தில் நூல் சுற்றிக்கொண்டு நான், நடுவில் தட்டோடு மச்சான்.

தறிகள் ஒவ்வொன்றாக நின்றன. அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தார். கையொப்பம் போட்ட ஏழு பொய்யும் அவருடைய கோப்புக்குள் இருந்தன. ஏழும் என் எழுத்து.

"ஐயா!" என்று அதிகாரி மச்சானின் கையைப் பிடித்தார், தேத்தண்ணித் தட்டோடு சேர்த்து. "இப்பிடி ஒரு ஆளத்தான் நாங்க தேடித் திரிஞ்சனாங்க. ஒரு வீட்டிலயும் தறி இல்லாத இந்தப் பொம்பிளையளுக்கு, ஒங்கட சொந்த வீட்டில தறி போட்டுக் குடுத்திரிக்கீங்க. நீங்களே தேத்தண்ணியும் குடுக்கிறீங்க!"

மச்சான் என்னைப் பார்த்தார். வாயைத் திறந்து உண்மையைச் சொல்ல எனக்கு அரை நிமிடம் இருந்தது. நான் தலையை ஆட்டினேன், மேலும் கீழுமாக.

"ஓம் சேர்" என்றார் மச்சான்.

அவ்வளவுதான். அந்த ஒரு 'ஓம்' வந்ததும் மச்சான் நெசவு நிலைய உரிமையாளர் ஆனார். நாங்கள் அவருடைய தொழிலாளர்கள் ஆனோம். அடுத்த கிழமை கடிதம் வந்தது: தனியார் நிலையத்தில் தொழில் செய்வோருக்குத் தனித்தறி வழங்க விதியில் இடமில்லை. ஏழு படிவங்களும் திரும்பி வந்தன. என்னுடைய பெயரும் அன்றோடு போயிற்று.

ராத்தா கடிதத்தை இரண்டு தரம் வாசிக்கச் சொல்லிக் கேட்டாள். "நல்லம். ஒண்ட மூளையால இரிந்த தறியும் மச்சாண்ட தறியாப் போச்சு" என்றாள். பிறகு ஏஜென்டுக்கு ஃபோன் எடுத்து, விசாவை அனுப்பச் சொன்னாள். மகள் குசினிக்குள் போனாள். அன்றைக்கு நான் ஏசினதெல்லாம் என்னைத்தான். படித்த கழுதை, படித்த கழுதை என்று என் வாய் ஓயவில்லை. மன்னிப்புக் கேட்கப் போனேன். "சும்மா போகா, நீ நல்லதுக்குத்தானே செஞ்சாய்" என்றாள் ராத்தா. அதைக் கேட்க ஏச்சு வாங்குவதைவிட வலித்தது.

விசா வந்த கிழமையிலேயே இன்னொரு கடிதம் வந்தது, இது மச்சானுக்கு. சிறந்த கைத்தறி முயற்சியாளருக்கான விருது. டவுனில் பெரிய விழா. பொன்னாடை போர்த்தினார்கள். 'தொழிலாளர்களுக்குத் தன் கையால் தேநீர் வழங்கும் முன்மாதிரி' என்று மேடையில் வாசித்தார்கள். வெற்றியின் இரகசியம் என்ன என்று ஒருவர் மைக்கை நீட்டினார். மச்சான் வெகுநேரம் யோசித்து, "இஞ்சி" என்றார். மண்டபம் சிரித்தது, தன்னடக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள். பரிசு ஒரு புதுத்தறி. இரும்புச் சட்டம், நீலப் பெயின்ட்.

லொறியில் அது வந்து இறங்கியதும் மச்சான் நேரே ராத்தாவிடம்தான் வந்தார்.

"மச்சி, இது ஒங்கட."

"ஒங்களுக்கெல்லவா தந்த?"

"எனக்கு என்னத்துக்கு? எனக்குத் தேத்தண்ணி ஊத்தத்தான் தெரியும். நீங்க போகாதீங்க. இரிந்து நெய்ங்க."

ராத்தா சட்டத்தைத் தடவிப் பார்த்தாள். மிதித்துப் பார்த்தாள். பிறகு மகளிடம் ஃபோனைக் கேட்டு வாங்கி, எல்லோர் முன்னாலும் ஏஜென்டிடம், "நான் வரல்ல" என்றாள். அவன் கத்தியது ஹோல் முழுக்கக் கேட்டது. மகள் சிரித்தாள். அவள் அப்படிப் பல்லைக் காட்டிச் சிரித்து நான் பார்த்து மாதக்கணக்காகியிருந்தது.

ஆனால் அரசாங்கத் தறி சும்மா வருமா? அதோடு நாலு பக்கத்தில் நிபந்தனை வந்தது. தறி அந்த ஹோலை விட்டு வெளியே போகக் கூடாது. விருது பெற்றவர் தாமே அதில் நெய்ய வேண்டும். வேறு ஆளுக்குக் கைமாறினால் திரும்ப எடுத்துக்கொள்ளப்படும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை பார்வையிடுவார்கள், முதல் பார்வையில் வீடியோவும் எடுப்பார்கள். தறி போனால் ராத்தாவும் போவாள், அது எல்லோருக்கும் தெரியும்.

மச்சான் பயந்துபோனார். பயத்தில், வீடியோவுக்கு மூன்று நாள் முன்னதாக ஹோலைச் சுத்தம் செய்தார். ராத்தா அப்போதுதான் அந்த நீலத்தறியில் ஒரு பாவை நெய்து முடித்திருந்தாள். நாங்கள் தறியை ஒருபோதும் வெறுமையாக விடமாட்டோம். நெய்த துணியை வெட்டி எடுத்தாலும், பழைய பாவின் நுனியை விழுதிலும் அச்சிலும் அப்படியே தொங்கவிடுவோம். புதுப்பாவை ஒவ்வொரு இழையாக அதோடு முடிந்து இழுத்தால் வேலை சுகம். மச்சானின் கண்ணுக்கு அது குப்பையாகத் தெரிந்திருக்கிறது. கத்தரிக்கோலை எடுத்து அழகாக வெட்டி, உருவியெடுத்து, குப்பை வாளிக்குள் போட்டுவிட்டார். தறியைத் துணியால் பளபளவென்று துடைத்தும் வைத்திருந்தார்.

"யா அல்லாஹ்!" என்று ராத்தா நெஞ்சில் கை வைத்தாள். ஏசுவாள் என்று பார்த்தேன். நிலத்தில் உட்கார்ந்துவிட்டாள். "மச்சான், நீங்க தேத்தண்ணியோட நிண்டா காணும்" என்று மட்டும் சொன்னாள். பிறகு அவளும் நானும் இரண்டு நாள் குனிந்திருந்து, ஆயிரத்துச் சொச்சம் இழையையும் விழுதில் ஒவ்வொரு கண்ணாகக் கோத்தோம். மூன்றாம் நாள் மச்சானைத் தறியில் இருத்திப் பழக்கினாள். கால் போனால் கை நிற்கும், கை போனால் கால் நிற்கும் அவருக்கு. ஊடை நூலை இழுத்துக்கொண்டு ஓடும் நாடா மூன்று தரம் பறந்து ஜன்னலுக்கு வெளியே விழுந்தது. மற்றப் பெண்கள் சிரித்துச் சிரித்து முந்தானையால் கண்ணைத் துடைத்தார்கள்.

வீடியோ அன்று அதிகாரி கமராக்காரரோடு வந்தார். மச்சான் பொன்னாடையோடு தறியில் உட்கார்ந்தார். ராத்தா பக்கத்தில் நூல் சுற்றிய தார்கள் கிடந்த கூடையைப் பிடித்துக்கொண்டு, உதடு அசையாமல், "வலது... இப்ப நாடா... இடது..." என்று சொல்லிக்கொண்டே நின்றாள். இருபத்தைந்து வருடமாக நெய்கிறவள், எனக்கும் இந்த ஒழுங்கையில் பாதிப் பேருக்கும் தறி பழக்கியவள், கூடை ஏந்திக்கொண்டு நின்றாள். மச்சானின் நெற்றி வியர்வை சாறனில் சொட்டியது. எப்படியோ இரண்டு விரல் அகலம் நெய்தார். எட்டி நின்று பார்த்தாலும் கோணல் தெரிந்தது. அதிகாரிக்கு அது தெரியவில்லை.

அவர் கண்ணில் ராத்தா பட்டாள்.

"தங்கச்சி, ஐயா செய்யிறத இப்பிடிப் பக்கத்தில நிண்டு பாக்கிறது நல்லம்" என்றார், உண்மையான அன்போடு. "ஒங்களுக்கும் விருப்பமெண்டா ஒரு வழி இரிக்கி." கோப்பிலிருந்து ஒரு படிவம் எடுத்தார். புதிதாகத் தொழில் பழகுவோருக்கான திட்டமாம். மச்சானிடம் ஆறு மாதம் பழகிச் சான்றிதழ் எடுத்தால், அவளுடைய சொந்தப் பெயரில் ஒரு தறி, வீட்டுக்கே வரும்.

படிவம் என் கைக்கு வந்தது. பெயர் எழுதினேன், விலாசம் எழுதினேன். பயிற்றுநர் என்ற இடத்தில் மச்சானை எழுதினேன். நாலாவது கேள்வி: நெசவில் முன் அனுபவம் உள்ளதா? கீழே சின்ன எழுத்து: அனுபவம் உள்ளவர்கள் விண்ணப்பிக்கத் தேவையில்லை.

பேனா நின்றுவிட்டது. தறியைப் பற்றி எழுதிய பொய் எனக்கு வலிக்கவில்லை, அது மரச்சாமான். இது ராத்தா. எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. அதிகாரியிடம் எல்லாவற்றையும் கொட்டிவிடலாம் என்று நிமிர்ந்தேன். வாசலில் மகள் பள்ளிக்கூட உடுப்போடு நின்றுகொண்டிருந்தாள்.

"எழுது" என்றாள் ராத்தா, தணிந்த குரலில்.

"என்னத்த எழுத?"

"ஒனக்குத் தெரியும்தானே. வடிவா எழுது."

'இல்லை' என்று எழுதினேன். ராத்தா பேனாவை வாங்கி, நின்றபடியே கீழே ஒப்பமிட்டாள்.

"பயப்படாதீங்க தங்கச்சி" என்றார் அதிகாரி, படிவத்தைக் கோப்புக்குள் வைத்துக்கொண்டு. "கொஞ்சங் கொஞ்சமாக் கை வந்திரும்."

"ஓம் சேர், பழகுறன்" என்றாள் ராத்தா.

வாகனம் ஒழுங்கையால் திரும்பும் வரை எல்லோரும் அப்படியே நின்றோம். பிறகு ராத்தா மச்சானை எழுப்பிவிட்டு, நீலத்தறியில் உட்கார்ந்து, அவர் நெய்த இரண்டு விரல் அகலத்தையும் ஊடை ஊடையாகப் பிரிக்கத் தொடங்கினாள்.